அடோபோ முதல் தாஹோ வரை: பிலிப்பைன்ஸ் உணவு, வாசகர் கேள்வி பதில்

பிலிப்பைன்ஸ் சமையல் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "செய்து பார்த்தோம், சரியாக வரவில்லை" என்ற வகை. அதனால் எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்பதற்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். ஒரு கப் என்றால் 240 மில்லி.

கேள்வி: கோழி அடோபோ செய்தால் ஒன்று வினிகர் நெடி மூக்கைத் துளைக்கிறது, இல்லையென்றால் உப்புக் கரிக்கிறது. அளவு தவறா, முறை தவறா?

பெரும்பாலும் முறைதான். முதலில் அளவைச் சொல்லிவிடுகிறோம். எலும்போடு கூடிய கோழி 1 கிலோ, சோயா சாஸ் 1/3 கப், வினிகர் 1/2 கப், தண்ணீர் 1 கப், நசுக்கிய பூண்டு 10 அல்லது 12 பல், முழு மிளகு 1 டீஸ்பூன், லாரல் இலை 3. இங்கே லாரல் என்பது பிரிஞ்சி இலை அல்ல. பிரிஞ்சியில் பட்டையின் வாசம் தூக்கலாக இருக்கும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் ஒன்று போதும்.

கோழியைச் சோயா சாஸிலும் பூண்டிலும் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு துண்டுகளை மட்டும் எடுத்து எண்ணெயில் தோல் சிவக்க வறுத்து, ஊறிய சாற்றையும் தண்ணீரையும் மிளகையும் இலையையும் சேர்த்து 20 நிமிடம் வேகவிடுங்கள். வினிகர் அதற்குப் பிறகுதான். ஊற்றியதும் மூடக் கூடாது, கிளறவும் கூடாது என்பது அந்த நாட்டு வீடுகளில் தலைமுறையாகச் சொல்லப்படும் விதி. கிளறாமல் இருப்பதைவிட மூடாமல் இருப்பதுதான் உண்மையில் வேலை செய்கிறது. திறந்த பாத்திரத்தில் ஐந்து நிமிடம் தளதளவென்று கொதித்தால் காரமான நெடி ஆவியோடு போய்விடும், புளிப்பு மட்டும் தங்கும். மூடி வைத்தால் அந்த ஆவி மறுபடி குழம்பிலேயே விழும்.

உப்புக் கரிப்பதற்குக் காரணம் வேறு. குழம்பு சுண்டச் சுண்ட சோயா சாஸின் உப்பு அடர்ந்துகொண்டே போகும். முதலில் ருசி பார்த்து "போதவில்லை" என்று உப்புப் போட்டால் முடிவில் வாயில் வைக்க முடியாது. சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்த பிறகு பார்த்து, தேவையென்றால் மட்டும் சேருங்கள். பாத்திரம் வெறும் அலுமினியமாக இருக்க வேண்டாம். வினிகர் பட்டு உலோகச் சுவை ஏறிவிடும்.

அடோபோ என்ற சொல் ஸ்பானியம், சமையல் முறை ஸ்பானியர் வருமுன்பே அங்கிருந்தது. 1613ல் அச்சான, ஸ்பானியத் துறவி பெத்ரோ தே சான் புவனவெந்தூராவின் தகலாக் மொழி அகராதி இதை "உள்ளூர்க்காரர்களின் அடோபோ" என்றே குறிக்கிறது. சோயா சாஸ் சீன வணிகத்தால் வந்து சேர்ந்தது. அது இல்லாமல் உப்பு மட்டும் போட்டுச் செய்வது வெள்ளை அடோபோ, அதாவது அடோபோங் புத்தி. மஞ்சள் சேர்ப்பதும் உண்டு, பிக்கோல் பகுதியில் தேங்காய்ப்பால் சேர்ப்பதும் உண்டு. சோயா சாஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெள்ளை அடோபோவிலிருந்தே தொடங்கலாம். வினிகரின் தரம் அதில்தான் நன்றாகத் தெரியும்.

கேள்வி: எந்த வினிகர் வாங்குவது? கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் போதாதா?

போதும், ஆனால் அது ஒற்றைப் புளிப்பு. பிலிப்பைன்ஸில் வினிகர் ஊருக்கு ஊர் மாறும். வடக்கே இலோகோஸில் கரும்புச் சாற்றிலிருந்து வரும் பழுப்பு நிற சுக்காங் இலோகோ. புலாக்கான் மாகாணத்தின் பாவும்போங்கில் நிப்பா பனையின் பதநீரிலிருந்து எடுப்பது. விசாயாஸ் தீவுகளில் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுப்பது. தென்னங்கள் வினிகர் கிடைத்தால் அதையே வாங்குங்கள், மென்மையாகவும் லேசான கள் மணத்தோடும் இருக்கும். வெள்ளை வினிகர்தான் இருக்கிறது என்றால் முக்கால் பங்கு வினிகருக்குக் கால் பங்கு தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்துக்கொள்ளுங்கள்.

இலோயிலோ பக்கத்தில் சினமாக் என்று ஒன்று செய்கிறார்கள். ஒரு பாட்டில் வினிகரில் கீறிய சிறு மிளகாய், பூண்டு, மிளகு, சித்தரத்தைத் துண்டு போட்டு ஒரு வாரம் ஊறவைத்தால் வேலை முடிந்தது. வறுத்த மீனுக்கும் இறைச்சிக்கும் இதைவிடப் பொருத்தமான தொட்டுக்கை இல்லை.

கேள்வி: சினிகாங் சூப்பில் புளி கரைத்து ஊற்றினேன். நிறம் கறுத்து, ரசம் மாதிரி ஆகிவிட்டது. காய்கறியும் வேகவில்லை.

இரண்டு தவறுகள் சேர்ந்திருக்கின்றன. சினிகாங்கிற்குப் பழுத்த புளி கூடாது, பச்சைப் புளியங்காய்தான் வேண்டும். பழம்புளியில் இனிப்பும் கருநிறமும் சேர்ந்தே வரும். சினிகாங் தெளிவாக, வெளிறிய நிறத்தில், நாக்கின் ஓரத்தைச் சுண்டும் புளிப்போடு இருக்க வேண்டும். எட்டு கப் சூப்பிற்குச் சுமார் 250 கிராம் புளியங்காய். அவை தோல் வெடிக்கும்வரை தனியே வேகவைத்து, மசித்து, வடிகட்டி அந்தச் சாற்றை மட்டும் எடுங்கள். புளியங்காய் இல்லாத காலத்தில் அங்கே பிலிம்பிக்காய், மாங்காய், கொய்யா என்று எது புளிக்கிறதோ அதைப் போடுகிறார்கள். கொய்யா மட்டும் பழுத்ததாக இருக்க வேண்டும், அதன் வாசம்தான் அந்தச் சூப்பின் உயிர்.

காய் வேகாததற்குக் காரணம் புளியை முன்னாடியே ஊற்றியது. புளிப்பு நீரில் காய்கறியின் நார் இளகாது. அரிசி கழுவிய இரண்டாம் நீரில் தக்காளி, வெங்காயம், சேப்பங்கிழங்கு போட்டுக் கிழங்கு குழையும்வரை வேகவிடுங்கள். சூப்புக்குக் கொழகொழப்பு கொடுப்பது அந்தக் கிழங்குதான். பிறகு முள்ளங்கி, காராமணிக்காய், வெண்டைக்காய். எல்லாம் முக்கால் பதம் வெந்ததும் புளிச்சாறு, மீன் சாஸ், இரண்டு நீளப் பச்சைமிளகாய். கடைசியில் இறால் என்றால் மூன்று நிமிடம், பால் கெண்டை மீன் துண்டுகள் என்றால் எட்டு நிமிடம். வள்ளைக்கீரையை அடுப்பை அணைத்தபின் போட்டு மூடினால் போதும். மாட்டிறைச்சி, பன்றி விலா என்றால் அதை மட்டும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே வேகவைத்துவிட வேண்டும்.

கேள்வி: தெருக்கடைகளில் ஆரஞ்சு நிறத்தில் விற்கும் காடை முட்டையைச் செய்தேன். மாவு கழன்று எண்ணெயில் தனியாக மிதக்கிறது. ஏன்?

க்வெக்-க்வெக் செய்யும் எல்லோருக்கும் முதல் தடவை நடப்பதுதான். அவித்த முட்டையின் மேல் வழவழப்பு. ஈரத்தோடு மாவில் முக்கினால் மாவு பிடிக்க இடமில்லை. உரித்த முட்டைகளைத் துணியில் ஒற்றி, கார்ன்ஃபிளாரில் புரட்டி, அதிகப்படி மாவைத் தட்டிவிட்டு, பிறகுதான் கரைத்த மாவில் முக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குத்தான் கழல்கிறது.

24 முட்டைக்கு மைதா 1 கப், கார்ன்ஃபிளார் 1/4 கப், பேக்கிங் பவுடர் 1/2 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், மிளகுத்தூள் கொஞ்சம். கரைக்கத் தண்ணீர் சுமார் 3/4 கப். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்க வேண்டும், மூடிக்கொண்டால் மாவு நீர்த்துவிட்டது. நிறத்துக்கு அட்சுவேத்தே, அதாவது அன்னாட்டோ விதை. ஒரு டேபிள்ஸ்பூன் விதையை அந்தத் தண்ணீரிலேயே வெதுவெதுப்பாக ஊறவைத்துக் கசக்கி வடிகட்டுங்கள். நேரம் இல்லாத வண்டிக்காரர்கள் செயற்கை நிறம் போடுவதும் உண்டு. பளீரென்று கண்ணைப் பறித்தால் அது விதையின் நிறமாக இருக்காது.

காடை முட்டை அவிய ஐந்து நிமிடம் போதும். எண்ணெய் 175 டிகிரியில் இருக்கட்டும், இரண்டு மூன்று நிமிடத்தில் மேல்தோல் மொறுமொறுக்கும். அதற்கு மேல் விட்டால் உள்ளே ஆவி சேர்ந்து முட்டை வெடிக்கும், எண்ணெய் முகத்தில் தெறிக்கும். கோழி முட்டையிலோ வாத்து முட்டையிலோ இதையே செய்தால் பெயர் தொக்னெனெங்.

தொட்டுக்கொள்ள ஒரு கப் வினிகரில் பொடியாக அரிந்த சிவப்பு வெங்காயம் ஒன்று, பூண்டு 3 பல், சிறு மிளகாய் 2, உப்பு 1 டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், மிளகு 1/2 டீஸ்பூன் போட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். வெள்ளரிக்காயைப் பரிமாறும்போது மட்டும் சேருங்கள், முன்பே போட்டால் நீர் விட்டு வினிகரைச் சப்பென்று ஆக்கிவிடும்.

கேள்வி: மீன் உருண்டைக்கு ஊற்றும் அந்தப் பழுப்பு நிற இனிப்புச் சாஸ் கட்டி தட்டாமல் வர என்ன செய்வது?

எல்லாவற்றையும் அடுப்பில் வைக்கும் முன்பே, பச்சைத் தண்ணீரில் கரைத்துவிடுங்கள். தண்ணீர் 2 கப், பழுப்புச் சர்க்கரை 1/2 கப், சோயா சாஸ் 3 டேபிள்ஸ்பூன், மைதா 2 டேபிள்ஸ்பூன், கார்ன்ஃபிளார் 1 டேபிள்ஸ்பூன், நசுக்கிய பூண்டு 2 பல், நறுக்கிய மிளகாய் 1. பிறகு மிதமான தீயில் கை விடாமல் கிளறினால் ஏழெட்டு நிமிடத்தில் திக்காகும். கொதி வந்ததும் இறக்கிவிடாதீர்கள், இன்னும் இரண்டு நிமிடம் கொதித்தால்தான் மைதாவின் பச்சை வாசம் போகும். கார்ன்ஃபிளார் மட்டும் போட்டால் கண்ணாடி போல் வழுக்கும், உருண்டையில் ஒட்டாது.

மீன் உருண்டை எண்ணெயில் உப்பி, எடுத்ததும் சுருங்குவதைத் தவறு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது இயல்பு. உள்ளே ஆவி நிற்கும்வரைதான் உப்பல், அதனால் உடனே சாப்பிட வேண்டும். வண்டியில் நின்று சாப்பிடும்போது ஒரு ஒழுங்கு உண்டு: குச்சியைப் பொதுச் சாடியில் ஒரு தடவைதான் முக்கலாம். கடித்த துண்டை மறுபடி முக்கக் கூடாது. கோப்பையில் சாஸை ஊற்றித் தரும் வண்டியாகப் பார்த்துச் சாப்பிடுவது இன்னும் நல்லது.

கேள்வி: மணிலா தெருவில் "அடிடாஸ்", "பெட்டாமேக்ஸ்" என்று விற்கிறார்களாமே, அவை என்ன?

கரியில் சுடும் உறுப்பு இறைச்சிகளுக்கு மக்கள் வைத்த பெயர்கள். அடிடாஸ் கோழிப்பாதம். பெட்டாமேக்ஸ் என்பது உறையவைத்த ரத்தத்தின் கறுப்புக் கட்டி, பழைய வீடியோ கேசட்டின் வடிவம். ஹெல்மெட் கோழித்தலை. வாக்மேன் பன்றிக்காது. கோழி இறக்கைக்கு பிலிப்பைன் ஏர்லைன்ஸ் விமான நிறுவனத்தின் பெயரைச் சுருக்கி "பால்" (PAL) என்கிறார்கள். எதையும் வீணாக்காத ஏழை வீட்டுச் சமையலுக்கு இவ்வளவு கற்பனை வளம்.

இவற்றில் எல்லோரும் தேடிப் போவது இசாவ், கோழி அல்லது பன்றிக் குடல். டிலிமானில் உள்ள பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக வளாகம் இதற்குப் பேர் போனது. குடலை உட்புறம் வெளியே திருப்பி, கல் உப்பும் வினிகரும் போட்டுத் தேய்த்து, கழுவிய நீர் தெளியும்வரை நான்கைந்து தடவை கழுவ வேண்டும். பிறகு வினிகர், பூண்டு, லாரல் இலை சேர்த்து மென்மையாகும்வரை வேகவைத்து, குச்சியில் வளைத்து வளைத்துக் கோத்து, சோயா சாஸும் வாழைப்பழக் கெட்சப்பும் கலந்து தடவிச் சுடுகிறார்கள். வேகவைக்காமல் நேரே சுட்டால் வெளியே கரியும், உள்ளே ரப்பராகவே இருக்கும், சுத்தமும் இராது. கெட்சப்பைக் கடைசி இரண்டு நிமிடத்தில் தடவுங்கள், அதிலுள்ள சர்க்கரை சீக்கிரம் கருகும்.

அந்த வாழைப்பழக் கெட்சப்பைத் தந்தவர் உணவு விஞ்ஞானி மரியா ஓரோசா. தக்காளியை இறக்குமதி செய்யும் நாட்டில், மலிவாக விளையும் வாழைப்பழத்தை வைத்து அதே வேலையை முடித்தார். 1945 மணிலாப் போரில் இறந்தார். இன்று அந்த நாட்டுச் சமையலறைகளில் அவருடைய கெட்சப் இல்லாத வீடு அரிது.

கேள்வி: தூரோன் செய்யும்போது சர்க்கரை அடியில் கட்டியாகிக் கருகுகிறது. மேலே ஒட்டவே இல்லை.

எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருக்கிறது. வாழைப்பழத்தை மெல்லிய உறையில் சுருட்டிப் பொரிக்கும் தூரோனின் அழகே அந்தக் கண்ணாடிச் சர்க்கரைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சாபா வாழைப்பழம் 6, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது. சாபா கிடைக்காதவர்கள் மொந்தன் போன்ற சமையல் வாழையைப் பழுக்கவைத்து எடுங்கள், அதுவும் கெட்டியாக இருக்கும்போதே. மேசையில் வைத்துச் சாப்பிடும் பழங்கள் எண்ணெயில் கூழாகி உறையைக் கிழித்துவிடும். ஒவ்வொரு துண்டையும் பழுப்புச் சர்க்கரையில் புரட்டி, இரண்டு மூன்று பலாச்சுளைக் கீற்றோடு லும்பியா உறையில் (ஸ்பிரிங் ரோலுக்கான மெல்லிய மாவுத்தாள்) இறுகச் சுருட்டி, ஓரத்தைத் தண்ணீர் தொட்டு ஒட்டுங்கள். தளர்வாகச் சுருட்டினால் இடைவெளியில் எண்ணெய் புகும்.

எண்ணெய் 165 டிகிரியைத் தாண்டாமல் இருக்கும்போது தூரோன்களைப் போட்டு, வெளிர் பொன்னிறம் வந்ததும் 1/4 கப் சர்க்கரையைப் பரவலாகத் தூவுங்கள். முதலில் அது அடியில் போய் உட்காரும். பதறாமல், கரண்டியால் மெல்ல அடியைக் கிளறிக்கொண்டே இருந்தால் உருகி மேலே மிதந்து வரும். அப்போது தூரோன்களை அதில் உருட்டினால் தானே பற்றிக்கொள்ளும். வெள்ளைச் சர்க்கரையில் நிறமும் பாகு மணமும் குறைவு. எடுத்து வைப்பது கம்பித் தட்டில், ஒன்றையொன்று தொடாமல். காகிதத்தில் வைத்தால் பாகு இறுகி, காகிதத்தையும் சேர்த்துத்தான் தின்ன வேண்டும்.

உறையில்லாமல் முழுப் பழத்தை இதே பாகில் பொரித்துக் குச்சியில் குத்தினால் பனானா க்யூ. சர்க்கரைவள்ளிக்கிழங்கில் செய்தால் காமோத்தே க்யூ.

கேள்வி: பாலுட் முட்டையை எப்படிச் சாப்பிடுவது? எத்தனை நாள் கரு?

வாத்து முட்டையை 14 முதல் 18 நாள் அடைவைத்து அவிப்பது. குஞ்சு வெள்ளைப் படலத்துக்குள் இன்னும் உருத் தெளியாமல் இருக்கும் சுமார் 17ஆம் நாள் முட்டையை அங்கே மேலானது என்கிறார்கள். மணிலாவை ஒட்டிய பதேரோஸ் இதற்குப் பேர் போன பழைய ஊர். அகன்ற முனையில் காற்றறை இருக்கும். அந்தப் பக்கத்தை மேலே வைத்துத் தட்டிச் சிறு துளை போட்டு, முதலில் உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சிக் குடித்துவிட வேண்டும். பிறகு உப்போ மிளகாய் வினிகரோ விட்டு, உரித்து மஞ்சள் கருவையும் குஞ்சையும் சாப்பிடலாம். அடியில் கல்லு மாதிரி இருக்கும் வெள்ளைப் பகுதியைப் பலர் விட்டுவிடுவார்கள். கரு வளராத முட்டையை அவித்தால் அது பெனோய். முதல் தடவை போகிறவர்கள் பெனோயில் தொடங்கலாம், அதில் குஞ்சு இல்லை.

கேள்வி: நாங்கள் சைவம். மணிலாவில் எதை நம்பிச் சாப்பிடுவது?

பார்த்தால் காய்கறிதானே என்று நம்புவதில்தான் ஆபத்து. பினாக்பெத் என்பது கத்தரி, பாகல், பூசணி, வெண்டைக் கூட்டு, ஆனால் உப்புக்குப் பதில் புளிக்கவைத்த மீன் அல்லது இறால் விழுதான பாகோங் போடுவார்கள். மொங்கோ என்ற பாசிப்பயறுக் குழம்பிலும் கருவாடோ பன்றித்தோலோ இருக்கக்கூடும். கேட்காமல் சாப்பிடாதீர்கள். இனிப்புப் பக்கம் போனால் தூரோன், பனானா க்யூ, தாஹோ (மென்மையான தோஃபுவின் மேல் பாகும் ஜவ்வரிசியும் ஊற்றியது) எல்லாம் பெரும்பாலும் சிக்கல் இல்லாதவை. ஆனால் பொரித்த எண்ணெய் தனியானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்வதற்கு லாயிங்கைச் சொல்வோம். பிக்கோல் மக்கள் சேப்பங்கிழங்கு இலையை உலர்த்தித் தேங்காய்ப்பாலில் செய்வது. 100 கிராம் உலர்ந்த இலை, இரண்டாம் பால் 4 கப், முதல் பால் 1 1/2 கப், வெங்காயம், பூண்டு, இரண்டு அங்குல இஞ்சி, காரமான சிறு மிளகாய் ஐந்தாறு. பாகோங்குக்குப் பதிலாக உப்பும் காளானும். இரண்டாம் பாலில் வெங்காயம், பூண்டு, இஞ்சி போட்டுக் கொதிக்கவிட்டு, இலையை மேலே பரப்பி அமுக்கிவிடுங்கள். அரை மணி நேரம் கிளறக் கூடாது என்பது பிக்கோல் சமையற்காரர்களின் உறுதியான சொல். இலை அதற்குள் பாலை உறிஞ்சி அமுங்கிவிடும். பிறகு முதல் பாலும் மிளகாயும் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை சின்னத் தீயில் இன்னும் அரை மணி. அவசரப்பட்டு இறக்கினால் தொண்டை அரிக்கும். இலையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகளே அதற்குக் காரணம், பச்சை இலையில் செய்தால் இன்னும் அதிக நேரம் வேகவைக்க வேண்டும்.

கேள்வி: பன்றி இறைச்சி சேராத ஊர்ச் சாப்பாடு உண்டா?

தெற்கே மிந்தனாவோ பகுதியின் முஸ்லிம் மக்களுடைய சமையல் முழுக்க அப்படித்தான். மகிந்தானாவோ மக்களின் பாஸ்தில் வாழையிலையில் சோற்றையும் உதிர்த்த கோழியையும் வைத்து மடித்தது, இப்போது மணிலாத் தெருக்களிலும் கிடைக்கிறது. தவுசுக் மக்களின் தியுலா இதும் சூப் சுட்டுக் கரித்த தேங்காயால் கறுத்திருக்கும். மரனாவோ மக்களின் பலாபா வெங்காயத்தாள், இஞ்சி, மிளகாய் இடித்த தொக்கு. காரம் விரும்புகிறவர்களுக்கு அந்த நாட்டிலேயே மிகவும் பிடித்துப்போவது அதுதான்.

கேள்வி: சிசிக்கில் முட்டையும் மயோனெய்ஸும் உண்டா, இல்லையா?

பம்பாங்கா மாகாணத்தில் கேட்டால் இல்லை. அங்குள்ள அங்கேலெஸ் நகரின் லூசியா குனானன் 1970களில் பரப்பிய முறையில் பன்றித்தலை இறைச்சியை வேகவைத்து, கரியில் சுட்டு, பொடியாக நறுக்கி, வெங்காயம், கலமான்சி எலுமிச்சைச் சாறு, மிளகாய், கோழி ஈரல் சேர்ப்பார்கள். வேகவைத்தல், சுடுதல், இரும்புத் தட்டில் பொரித்தல் என்ற மூன்றில் சுடுவதை விட்டால் புகை மணம் இல்லை. மயோனெய்ஸ் கலமான்சியின் புளிப்பை மழுக்கிவிடுகிறது. எங்கள் ஓட்டும் பம்பாங்காவுக்கே.

கேள்வி: கிறிஸ்துமஸ் சமயம் தேவாலய வாசலில் விற்கும் ஊதாப் புட்டை வீட்டில் செய்ய முடியுமா?

டிசம்பர் 16 முதல் 24 வரை விடியுமுன் நடக்கும் சிம்பாங் காபி பூசை முடிந்து வருகிறவர்களுக்காகப் புத்தோ பும்போங் என்ற அந்த ஊதாப் புட்டும், பிபிங்கா என்ற அரிசிமாவு கேக்கும் வாசலிலேயே தயாராகும். பும்போங் என்றால் மூங்கில் குழாய். ஊதா நிறப் பிருருதோங் அரிசியை ஒட்டும் அரிசியோடு இரவு ஊறவைத்து, அரைத்து, துணியில் கட்டிப் பாரம் வைத்து நீரை வடிக்கிறார்கள். மாவு பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிர வேண்டும். ஈரம் மிஞ்சினால் குழாயிலிருந்து தட்டினாலும் விழாது, களியாகிவிடும். குழாயின் உட்புறம் வெண்ணெய் தடவி, மாவை அமுக்காமல் தளர்வாக நிரப்புங்கள். உச்சியில் ஆவி சீறி வந்த பிறகு இரண்டு நிமிடம் போதும். மேலே வெண்ணெய், மஸ்கவாடோ என்ற சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரை, தேங்காய்த்துருவல். ஊதா அரிசி கிடைக்காமல் நிறத்தூள் போடுவதைவிட, வெள்ளையாகவே செய்வது மேல்.

பிபிங்காவிற்கு வாழையிலையைத் தணலில் வாட்டித்தான் சட்டியில் விரிக்க வேண்டும். வாட்டாத இலை கிழியும், மணமும் இறங்காது. மேலும் கீழும் தணல் வைத்துச் சுடுவது மரபு. வீட்டு அவனில் 190 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். உப்பு முட்டைத் துண்டுகளைப் பாதி வெந்த பிறகு வையுங்கள், முதலிலேயே வைத்தால் அடியில் மூழ்கிவிடும்.

கேள்வி: தாஹோவில் போடும் ஜவ்வரிசி ஏன் கரைந்து கஞ்சியாகிறது?

கொதிக்காத தண்ணீரில் போட்டதால். ஒரு பங்கு ஜவ்வரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே போட்டு, நடுவில் வெள்ளைப் புள்ளி மட்டும் நிற்கும்வரை வேகவைத்து, அணைத்து மூடிவிடுங்கள். புள்ளி தானே மறையும். பிறகு குளிர்ந்த நீரில் அலசிப் பாகில் போட வேண்டும். பாகான அர்னிபாலுக்குப் பழுப்புச் சர்க்கரை 1 கப், தண்ணீர் 1 கப், முடிந்தால் ஒரு தாழை ரம்பை இலை, பத்து நிமிடக் கொதி.

சோயாப் பால் தோஃபு கட்டியாகாமல் போனாலும் காரணம் ஒன்றுதான்: ஊற்றிய பிறகு கை வைத்தது. 1 லிட்டர் சர்க்கரை சேர்க்காத கெட்டிச் சோயாப் பாலுக்குக் அதை உறையவைக்கும் குளுக்கோனோ டெல்டா லாக்டோன் தூள் 3 கிராம். தூளை ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்துப் பாத்திரத்தின் அடியில் ஊற்றி, 85 டிகிரிச் சூட்டிலுள்ள பாலை உயரத்திலிருந்து ஒரே மூச்சில் ஊற்றி மூடுங்கள். 15 நிமிடம் நகர்த்தக் கூடாது. பரிமாறும்போது தட்டையான கரண்டியால் மெல்லிய ஏடாக வழித்து எடுங்கள். காலையில் தோளில் காவடி போல் இரண்டு அலுமினிய வாளிகளோடு "தாஹோ" என்று நீட்டிக் கூவி வரும் வியாபாரி செய்வதும் அப்படித்தான்: மேலே மிதக்கும் நீரை முதலில் வழித்து ஊற்றிவிடுவார், பிறகு தோஃபு ஏடு, அதன்மேல் பாகு, கடைசியில் ஜவ்வரிசி. சூடாக இருக்கும்போதே குடிக்க வேண்டும்.